தட்டில் இடும் காசு

உணவு விடுதியில் உண்ட பின் பரிமாறியவர்க்குச் சிறு காசு கொடுத்தல் முறையோ, அன்றி விடுதியார் தாமே கணக்குச் சீட்டில் சேர்த்து வாங்கும் 'சேவைக் கட்டணம்' முறையோ என்னும் வினா, கல்லூரிப் பத்திரிகையில் எழுதத் தக்க அத்துணைப் பெரிய பொருளன்று என்று சிலர் கருதலாம். சென்ற ஆண்டு ஆடித் திங்கள் வரையில் யானும் அவ்வாறே கருதியிருந்தேன்.

அத்திங்களில் ஒருநாள் மாலை, ஒரே மாணவர் விடுதியில் தங்கி ஒரே பந்தியில் உண்டு பயின்ற பழைய மாணவர் அறுவர் திருவெறும்பூரில் ஒருங்கு கூடினோம். எங்களுள் ஒருவர் அவ்வூரிலுள்ள பாரத மிகுமின் நிலையத்தில் நெடுங்காலம் பணியாற்றி ஓய்வு பெற்றவர். அவரைக் காணும் பொருட்டே மற்றையோர் சென்றது. எறும்பீசர் மலைமேலேறி, தஞ்சைச் சாலையின் இருமருங்கும் விளக்குகள் எரியத் தொடங்குவதைச் சற்று நேரம் பார்த்திருந்து இறங்கியபோது யாவர்க்கும் பசி மிகுந்திருந்தது. சாலையோரத்தில் குளிரூட்டிய உணவு விடுதியொன்று இருந்தது. அதனுட் புகுந்தோம்.

எங்களுக்குப் பரிமாற வந்தவன் இருபது வயதுக்கு மேற்படாத இளைஞன். அறுவரும் அறுவகையாகக் கேட்டோம். ஒருவர்க்குத் தோசை எண்ணெயின்றி வேண்டும். ஒருவர்க்குச் சட்டினி வேண்டா, சாம்பாரே போதும். சர்க்கரை நோயுடைய நண்பர்க்குக் காப்பி சர்க்கரையின்றி வேண்டும். மற்றொருவர் முதலிற் சொன்னதை இருமுறை மாற்றினார். அவன் ஒன்றையும் எழுதிக்கொள்ளவில்லை. ஆயினும் எதுவும் ஆள் மாறி வரவில்லை. எங்கள் வகுப்பில் முதன்மையாகத் தேறிய நண்பரே, "இத்தகைய நினைவாற்றல் எனக்கு இருந்ததில்லை" என்று வியந்து கூறினார்.

பின்னர்ச் சோம்பு நிறைந்த சிறு தட்டில் கணக்குச் சீட்டு வந்தது. உண்டவற்றின் விலை 1,200 ரூபாய். சேவைக் கட்டணம் நூற்றுக்குப் பத்து வீதம் 120. இவ்விரண்டையும் கூட்டிய 1,320-இன் மேல் சரக்கு சேவை வரி நூற்றுக்கு ஐந்து வீதம் 66. ஆக மொத்தம் 1,386. எங்களுள் வழக்கறிஞர் ஒருவர் உண்டு. அவர் மூக்குக் கண்ணாடியை உயர்த்திக்கொண்டு, சேவைக் கட்டணத்தைக் கேளாமற் சேர்த்தது சட்டத்துக்கு மாறு என்றும், அதன்மேல் வரியும் கணக்கிட்டது அதனினும் பெரும் பிழை என்றும் மேலாளரிடம் வாதாடினார். "எல்லாரும் கொடுக்கிறார்கள், சார், இது இங்கே வழக்கம்" என்று முதலில் உரைத்த மேலாளர், நண்பர் 1915 என்னும் நுகர்வோர் உதவி எண்ணைக் கைப்பேசியில் அழுத்தப் போவதைக் கண்டதும் புதிய சீட்டு அடித்துக் கொடுத்தார். அதில் 1,260 ரூபாய் என்றிருந்தது. ஆக 126 ரூபாயை மீட்டுக்கொண்டு, அதனையும் கைப்பேசி வாயிலாகவே செலுத்திவிட்டு, வழக்கில் வென்றவரைப் போல யாவரும் வெளியேறினோம்.

வாயிலை அடைந்தபோதுதான் கண்ணாடிக் கூட்டை மேசைமேல் மறந்துவிட்டது எனக்கு நினைவு வந்தது. திரும்பிச் சென்றேன். அவ்விளைஞன் மேசையைத் துடைத்துக்கொண்டிருந்தான். ஏதோ ஒரு குற்ற உணர்ச்சியால் உந்தப்பட்டு, "அந்த நூற்றிருபது உனக்கு வந்திருக்குமா, தம்பி?" என்று கேட்டேன்.

"இல்லை, சார். அது கல்லாவோடு போய்விடும். மாதக் கடைசியில் பிரித்துக் கொடுப்பதாகச் சொல்வார்கள். நான் சேர்ந்து ஐந்து மாதம் ஆகிறது. இன்னும் கண்ணால் பார்க்கவில்லை. ஆனால், அது பில்லில் இருக்கிறதே என்று யாரும் தட்டில் ஒன்றும் வைப்பதில்லை. இன்றைக்கு நீங்கள் பில்லிலும் எடுத்துவிட்டீர்கள். தட்டிலும் வைக்கவில்லை" என்றான். சொல்லிவிட்டுச் சிரித்தான். அதிற் கடுமை சிறிதும் இல்லை. என் சட்டைப்பையில் ஐம்பது ரூபாய்த் தாள் ஒன்று இருந்தது, அதனைக் கொடுத்தேன், சற்றுத் தயங்கி வாங்கிக்கொண்டான். கேட்டபின் கொடுத்தது இனாமாகுமோ, தண்டமாகுமோ என்று எண்ணியவண்ணமே நண்பர்களை அடைந்தேன். அவர்கள் இன்னும் அந்த வெற்றியைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தார்கள்.

நண்பர் வாதாடியது தவறன்று. சட்டம் அவர் பக்கமே இருந்தது. மத்திய அரசின் நுகர்வோர் நலத்துறை 2017 ஏப்ரலிலேயே, சேவைக் கட்டணம் உண்பவர் விரும்பினாற் கொடுப்பது என்றும், சீட்டில் அதற்குரிய இடத்தை வெற்றாக விட்டு உண்டவரே தொகையை எழுதும்படி செய்யலாமென்றும் அறிவுறுத்தியது. எத்தனை விடுதிகளில் அவ்வெற்றிடத்தைக் கண்டோம்? யான் ஒன்றிலும் கண்டதில்லை. பின்னர், 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி அமைந்த மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூலை 4-ஆம் நாள் நெறிமுறைகளை வெளியிட்டது. எந்த விடுதியும் அக்கட்டணத்தைத் தானாகவே சீட்டிற் சேர்த்தலாகாது. வேறு பெயரிட்டு வாங்குதலும் ஆகாது. கொடுக்க மறுப்பவரை உள்ளே விடாது தடுத்தலும் ஆகாது. உணவின் விலையோடு கூட்டி அதன்மேல் வரி கணக்கிடுதலும் ஆகாது என்பன அவற்றின் சாரம். விடுதி முதலாளிகளின் அகில இந்தியச் சங்கங்கள் இரண்டு இதனை எதிர்த்துத் தில்லி உயர்நீதிமன்றம் சென்றன. அம்மாதமே இடைக்காலத் தடையும் கிடைத்தது. இரண்டேமுக்கால் ஆண்டு கழித்து, 2025 மார்ச்சு 28-இல், நீதிபதி பிரதிபா சிங் அவர்கள் அம்மனுக்களைத் தள்ளி, ஒவ்வொரு சங்கமும் ஓர் இலட்சம் ரூபாய் செலுத்துமாறு பணித்துத் தீர்ப்பளித்தார். அதன்மேல் மேல்முறையீடும் செய்யப்பட்டது. நூற்றுக்கு ஐந்து முதல் இருபது வரை இவ்வாறு வாங்கப்படுவதும், அஃது அரசாங்கத்தின் வரியே போலும் என்று மக்கள் மயங்குவதும் அவ்வழக்கில் எடுத்துக் காட்டப்பட்டன. படித்தவரே மயங்குவர் என்பதற்கு யானே சான்று. 'சேவை வரி' என்பதொன்று முன்பு உண்மையாகவே இருந்தது. அஃது 2017 ஜூலையில் சரக்கு சேவை வரியோடு ஒன்றிவிட்டது. 'சேவைக் கட்டணம்' என்று சீட்டிற் கண்டபோதெல்லாம் அதுவே இதுவென்று எண்ணிப் பல ஆண்டுகள் வாய் பேசாது கொடுத்து வந்தேன்.

முதலாளிகள் கூறும் நியாயத்தையும் கேட்டல் வேண்டும். தட்டில் இடும் காசு பரிமாறுவோன் ஒருவனுக்கே செல்கிறது. அடுப்பின் வெம்மையில் நின்று தோசை வார்ப்பவனுக்கும், இலையெடுப்பவனுக்கும், பாத்திரம் துலக்கும் பெண்மணிக்கும் அதிற் பங்கில்லை. பொதுவிற் கட்டணமாக வாங்கினால் யாவர்க்கும் பகிரலாம் என்பது அவர்கள் வாதம். இதில் உண்மை உண்டு. யாம் உண்ட தோசையின் சுவைக்கும் பரிமாறியவனுக்கும் யாதொரு தொடர்பும் இல்லை. அதற்குரியவனை யாம் கண்டதே இல்லை. ஆனால் பகிர்ந்து கொடுப்பதே கருத்தாயின், அதற்குச் சீட்டில் தனிவரி எதற்கு? அரிசிக்கும் உளுந்துக்கும் எரிவாயுவுக்கும் தனித்தனியே கட்டணம் எழுதி யாரும் வாங்குவதில்லையே. தோசையின் விலையில் அவை யாவும் அடங்கியிருக்கின்றன. வார்த்தவன் கூலியும், கொண்டுவந்தவன் கூலியும் அவ்வாறே அதில் அடங்கியிருத்தல் வேண்டும். நூறு ரூபாய் என்று பட்டியலில் எழுதி நூற்றுப்பத்து வாங்குவதினும், நூற்றுப்பத்து என்றே எழுதி வாங்குவது நேர்மை. அது கண்டு வேண்டுவோர் உண்பர். வேண்டாதார் எதிர்க்கடைக்குச் செல்வர். தனிவரி எழுதுவதன் பயன் ஒன்றே ஒன்று: விலை குறைவென்று கருதி நாம் உள்ளே நுழைந்து விடுகிறோம்.

கூலி கொடுப்பது முதலாளியின் கடனே என்பதில் நம் நாட்டுச் சட்டத்துக்கு ஐயமில்லை. 1948-ஆம் ஆண்டுக் குறைந்தபட்ச ஊதியச் சட்டத்தின்படி மாநில அரசு ஊதியம் வரையறுக்கும் தொழில்களுள் உணவு விடுதித் தொழிலும் ஒன்றாயிற்று. அச்சட்டம் 2019-ஆம் ஆண்டு ஊதியத் தொகுப்புச் சட்டத்தில் அடங்கியது. சென்னை மாநிலத்தில் 1958-இல் உணவு நிறுவனங்களுக்கென்றே ஒரு தனிச்சட்டம் இயற்றி, வேலை நேரத்தையும் வார ஓய்வையும் வகுத்தனர். இனாமின் இயல்பு யாது என்பதை உச்ச நீதிமன்றம் 2016-இல் ஒரு பெரிய ஹோட்டல் நிறுவனத்தின் வருமான வரி வழக்கிலே தெளிவாக்கியது. உண்டவர் அட்டை வாயிலாகச் செலுத்தும் இனாமை முதலாளி வாங்கிச் சிப்பந்திகளுக்குப் பகிர்ந்தாலும் அது சம்பளம் ஆகாது. முதலாளி இடையில் நின்று கைமாற்றிக் கொடுப்பவர் மட்டுமே என்பது தீர்ப்பு. இத்தீர்ப்பினால் அப்பணம் முதலாளியுடையதன்று என்பது விளங்குகிறது. சிப்பந்தி அதனை ஊதியமாகக் கணக்கிட இயலாது என்பதும் உடன் விளங்குகிறது. வருங்கால வைப்பு நிதியில் அது சேராது. நோயுற்றுப் படுத்த நாளில் அது வாராது. அவன் திருமணத்துக்குக் கடன் கேட்டுச் செல்லும் வங்கியில் அதனைக் காட்ட இயலாது. ஆகலின், "டிப்ஸ் நன்றாகக் கிடைக்கும்" என்று சொல்லிச் சம்பளத்தைக் குறைத்து ஆள் சேர்க்கும் வழக்கம், இல்லாத பொருளை விலைபேசிக் கொடுப்பதை ஒக்கும்.

'இனாம்' என்னும் சொல்லின் வரலாறும் சுவையுடையது. அரபு மொழியிற் பிறந்து பாரசீகத்தின் வழியே நம் நாட்டுக்கு வந்த அச்சொல்லுக்குக் கொடை என்பது பொருள். முன்னாளில் அரசர்கள் கோயிலுக்கும் புலமையுடையார்க்கும் பணியாளர்க்கும் வரியின்றி விட்ட நிலங்களுக்கு இனாம் நிலம் என்று பெயர். காவிரிக் கரையில் அத்தகைய இனாம் கிராமங்கள் பல இருந்தன. அவற்றை ஒழிக்கும் சட்டங்கள் நம் மாநிலத்தில் 1963-இல் வந்தன. நிலத்து இனாம் ஒழிந்தது. தட்டத்து இனாம் ஒழிந்திலது. இதில் ஒரு வேறுபாடும் உண்டு. நிலத்து இனாம் பெற்றவன் அவ்வூரில் நிமிர்ந்து நடந்தான். தட்டத்து இனாம் பெறுபவனோ ஒவ்வொரு மேசையிலும் குனிய வேண்டியிருக்கிறது.

இதுபற்றியே இனாமை அடியோடு வெறுப்போர் சிலர் உளர். அவர்கள் கூற்றையும் எளிதில் தள்ளிவிடல் இயலாது. பரிமாறுவோன் உண்பவரின் ஆடையையும் காலணியையும் பார்த்துக் கணக்கிடத் தொடங்குகிறான். காருந்தில் வந்தவர் மேசைக்குத் தண்ணீர் விரைந்து செல்கிறது. பேருந்தில் வந்த மாணவன் கைதூக்கியபடியே இருக்கிறான். மாணவப் பருவத்தில் யாங்கள் நால்வர் இரண்டு காப்பி வாங்கி நான்காகப் பகிர்ந்து ஒரு மணி நேரம் பேசிக்கொண்டிருந்த காலத்தில், எங்கள் மேசையைச் சிப்பந்திகள் ஏறெடுத்தும் பாரார். அன்று அவர்கள்மேற் சினம் கொண்டோம். அவர்களின் அரைக் கூலி பிறர் தட்டில் இருந்தது என்பதை அந்நாளில் யாரும் எங்களுக்குச் சொல்லவில்லை.

அமெரிக்க நாட்டில் இவ்வழக்கம் எத்துணைத் தூரம் சென்றிருக்கிறது என்பதை அங்கே வாழும் நம் பழைய மாணவர் நன்கறிவர். அந்நாட்டு மத்தியச் சட்டப்படி குறைந்தபட்ச ஊதியம் 2009 முதல் மணிக்கு 7.25 டாலர், ஆனால் இனாம் பெறும் சிப்பந்திக்கு முதலாளி தம் கையிலிருந்து கொடுக்க வேண்டியது 2.13 டாலர் மட்டுமே, இது 1991 முதல் ஒரு சென்றும் உயரவில்லை. எஞ்சியது உண்பவர் தட்டில் வரவேண்டும்; வாராவிடில் முதலாளி ஈடு செய்ய வேண்டுமென்பது சட்டம். மாநிலங்கள் பல இதனினும் கூடுதலாக வகுத்திருக்கின்றன என்பதும் உண்மை. எனினும், கூலியின் பாதியைக் கொடுப்பவர் உண்பவரே என்றான பின், அங்கே இனாம் கொடாதவர் உலோபி ஆவதோடு நில்லாது, பிறர் உழைப்பைத் திருடியவராகவும் கருதப்படுகிறார். கொடை கடனாக மாறிவிட்டது. சப்பானிலோ இவ்வழக்கமே இல்லை. மேசைமேல் விட்ட காசை, மறந்துவிட்டீர் என்று கருதித் திருப்பிக் கொடுக்கச் சிப்பந்தி பின்னே ஓடிவருவார் என்று அந்நாடு சென்று வந்தோர் கூறுவர். நம்மவர் மிகுதியாக வாழும் சிங்கப்பூரில் பல விடுதிகளின் விலைப்பட்டியலில் இரண்டு கூட்டற்குறிகள் காணப்படும். ஒன்று நூற்றுக்குப் பத்துச் சேவைக் கட்டணம், மற்றொன்று 2024 முதல் நூற்றுக்கு ஒன்பதாகிய வரி. அதற்கு மேல் இனாம் கொடுக்கும் வழக்கம் அங்கே பெரிதும் இல்லை. பிரித்தானியர் 2023-இல் ஒரு சட்டம் இயற்றினர். அது 2024 அக்டோபர் முதல் நாள் நடைமுறைக்கு வந்தது. இனாமாயினும் சேவைக் கட்டணமாயினும், வரி நீங்கலாக வேறு எதுவும் பிடியாமல், மறுமாத இறுதிக்குள் முழுவதும் உழைப்பவர்க்கே முறையாகப் பகிரப்படல் வேண்டும் என்கிறது அச்சட்டம். நம் நாட்டு நெறிமுறை உண்பவனைக் காத்தது. உண்பித்தவனைக் காப்பதற்கு இத்தகைய சட்டமொன்று இங்கே இன்னும் வேண்டியிருக்கிறது. திருவெறும்பூர் இளைஞனின் சொல்லைக் கேட்ட பின் எனக்கு இதில் ஐயமில்லை.

அதுவரையில் நாம் செய்யத்தக்கது யாது? என் கருத்தை ஒளியாமல் உரைக்கின்றேன். கேளாமற் சேர்த்த கட்டணத்தை நீக்கச் சொல்லுங்கள். அஃது உங்கள் உரிமை. ஆனால் நீக்கிய தொகையைப் பையில் இட்டுக்கொண்டு எழுந்து விடாதீர்கள். அன்று யாங்கள் செய்த பிழை அதுவே. முதலாளியின் கையிலிருந்து மீட்டதில் ஒரு பகுதியேனும் உழைத்தவன் கைக்குச் சென்றிருந்தால், எங்கள் வழக்கறிஞரின் வாதம் முழுமை பெற்றிருக்கும். எங்கள் வெற்றியை அவன் எவ்வாறு கண்டிருப்பான் என்று எண்ணிப் பாருங்கள்: அறுவர் வயிறு நிரம்ப உண்டு, மேலாளரோடு வழக்காடி, மேலாளரின் சினத்தை அவன் தலைமேல் விட்டுவிட்டு வெளியேறினர்.

இப்போது புதியதோர் இடையூறும் நேர்ந்திருக்கிறது. 2016-இல் தொடங்கிய யூ.பி.ஐ. முறையால் நம்மிற் பலர் கையிற் காசு வைத்திருப்பதையே மறந்துவிட்டோம். கல்லாவில் ஒட்டிய கட்டத்தைக் கைப்பேசியாற் படம் பிடித்து ஒரு பைசாவும் மிகாமற் செலுத்துகிறோம். முன்பெல்லாம் 83 ரூபாய்க்கு நூறு ரூபாய்த் தாள் கொடுத்தால் மீதி பதினேழு ரூபாய் தட்டில் திரும்பி வரும். அதில் ஏழு ரூபாயை விட்டுப் பத்தை எடுத்துக்கொள்வது வழக்கம். கொடுக்க வேண்டுமென்று யாரும் தனியே முடிவு செய்ததில்லை. சில்லறை தானாகவே அம்முடிவைச் செய்து வந்தது. சில்லறை மறைந்தது, அதனோடு அவ்வேழு ரூபாயும் மறைந்தது. இதனை ஒருவரும் கருமித்தனத்தாற் செய்யவில்லை. ஆயினும் நாளொன்றுக்கு நாற்பது மேசை பார்க்கும் ஒருவனுக்கு அஃது எவ்வளவு இழப்பென்று கணக்கில் வல்ல மாணவர் தாமே கணக்கிட்டுக் கொள்க. சிலர், "பில்லோடு இருபது ரூபாய் கூட்டி அனுப்பிவிட்டேன், சப்ளையருக்குக் கொடுத்துவிடுங்கள்" என்று கல்லாவிற் கூறிச் செல்கின்றனர். அது சென்று சேர்கிறதோ என்று திரும்பிப் பார்ப்பவர் அரியர். வீட்டை விட்டுப் புறப்படுகையில் பத்து ரூபாய்த் தாள் நான்கைந்து பையில் வைத்துக்கொள்ளுதல் இதற்கு எளிய மருந்து.

எவ்வளவு கொடுப்பது என்று மாணவர் என்னைக் கேட்பதுண்டு. பெருநகரத்துப் பெரிய விடுதிகளில் நூற்றுக்கு ஐந்தென்றும் பத்தென்றும் கணக்குச் சொல்வர். நின்றபடியே காப்பி அருந்தும் கடைக்கும், சீட்டு வாங்கி நாமே எடுத்துக்கொள்ளும் இடத்துக்கும் இக்கணக்கு வேண்டா. இலை போட்டுச் சாப்பாடு பரிமாறும் இடத்தில், சாம்பார், இரசம், மோர் என்று ஆறேழு முறை நம்மை நாடி வருபவர்க்குக் காப்பி ஒன்றின் விலையேனும் கொடுத்தல் அழகு. 'டீச் செலவுக்கு' என்று சொல்லித்தானே கொடுக்கிறோம்? அவ்வாறாயின் அத்தொகையில் ஒரு தேநீரேனும் வாங்க இயல வேண்டும். எச்சிற் கையால், சோம்புக்கிடையில் இரண்டு ரூபாய் நாணயத்தைப் புதைத்துவிட்டுப் போவதினும் ஒன்றும் கொடாதிருத்தல் நன்று.

கையிற் பொருளில்லாத மாணவன் கொடுக்க வேண்டுவதில்லை. இதனை அழுத்தமாகவே உரைக்கின்றேன். ஏனெனில், தோழர் நகைப்பரே என்னும் அச்சத்தால், மறுநாட் பேருந்துக்கு வைத்திருந்த காசைத் தட்டில் இட்டுவிட்டு நடந்து வந்த மாணவரை யான் அறிவேன். அது கொடையன்று, கூச்சம். ஆனால் பொருளில்லாதவனும் செய்யத்தக்கன சில உள. விரலைச் சொடுக்கி அழையாதிருத்தல் ஒன்று. வயதில் மூத்தவரை "ஏய்" என்றும் "டேய்" என்றும் விளியாமல் "அண்ணே" என்றோ "ஐயா" என்றோ அழைத்தல் ஒன்று. வடநாட்டிலிருந்து வந்து அரைகுறைத் தமிழ் பேசும் இளைஞனின் உச்சரிப்பைப் பழித்து மேசை முழுவதும் நகையாமை மற்றொன்று. அவன் பேசும் தமிழளவுக்கு நம்மில் எத்தனை பேர் அவன் மொழியைப் பேச வல்லோம்? வள்ளுவர் விருந்தோம்பலுக்கு ஓரதிகாரமும் ஈகைக்கு வேறோரதிகாரமும் வகுத்தார். விருந்தினரை எவ்வாறு போற்றுவது என்று நமக்குக் கற்பித்தவர் பலர். போற்றப்படும்போது எவ்வாறு நடந்துகொள்வது என்று கற்பித்தவர் சிலரே. 1964-இல் வெளிவந்த 'சர்வர் சுந்தரம்' என்னும் திரைப்படத்தில் நாகேஷ் தட்டுகளை அடுக்கி ஏந்தி வந்தபோது நாடே கைகொட்டியது. அதே திறமையோடு நம் மேசைக்கு வருபவனை நாம் முகம் நிமிர்ந்து பார்ப்பதுமில்லை.

இன்னொரு நிலையும் உண்டு. பரிமாறியவன் கடுமையாக நடந்தான். கேட்டது வாராமல் வேறொன்று வந்தது. ஈ மொய்த்த மேசையைத் துடைக்கவில்லை. அப்பொழுதும் கொடுக்க வேண்டுமோ எனின், வேண்டா. கொடாமையும் உண்பவன் உரிமையே. அவ்வுரிமையைப் பறிப்பதனாலன்றோ கட்டாயக் கட்டணத்தை வெறுக்கிறோம். ஆனால் சமையற்கட்டில் நேர்ந்த தாமதத்துக்குப் பரிமாறுவோனைத் தண்டித்தல் நீதியன்று. தோசை கருகினால் வார்த்தவனைக் கேளாமற் கொண்டுவந்தவனைக் கடிந்துகொள்வது நம் ஊர்ப் பழக்கமாகிவிட்டது. எதிரில் நிற்பவன் அவன் ஒருவனே என்பதையன்றி இதற்கு வேறு காரணம் எனக்குத் தோன்றவில்லை.

புரட்டாசித் திங்களில் வேறொரு காரியமாக மீண்டும் திருவெறும்பூர் செல்ல நேர்ந்தது. அவ்விளைஞனைக் காணலாமென்று அதே விடுதிக்குச் சென்றேன். விலைப்பட்டியலின் அடியில் இருந்த 'சேவைக் கட்டணம் 10%' என்னும் வரி கருமையால் அடிக்கப்பட்டிருந்தது. தோசையின் விலை ஐந்து ரூபாய் ஏறியிருந்தது. எங்கள் நண்பரின் வாதத்தால் இது நேர்ந்ததோ, பிறர் யாரேனும் புகார் எழுதினரோ, அறியேன். அவ்வைந்து ரூபாய் சம்பளத்திலும் ஏறியதோ என்று கேட்க விரும்பினேன். பழைய இளைஞன் அங்கில்லை. திருப்பூருக்குச் சென்றுவிட்டான் என்றார்கள். எனக்குத் தண்ணீர் கொண்டுவந்தவன் அசாம் நாட்டினன். என் வினா அவனுக்கு விளங்கவில்லை. அவன் விடை எனக்கு விளங்கவில்லை. உண்டு முடித்து, கொண்டுசென்ற இருபது ரூபாயைத் தட்டில் இடாமல் அவன் கையிலேயே கொடுத்தேன். அவன் தலையசைத்து வாங்கிக்கொண்டு, சமையற்கட்டின் வாயிலில் ஆணியில் தொங்கிய தகரப் பெட்டியொன்றில் அதனை இட்டுவிட்டு, அடுத்த மேசைக்குச் சென்றான்.